ஏழாவது லைனில் கசிவு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தக் கோடையில் வாராவாரம் 'நீர் வீரர்' பட்டம் கொடுத்தார்கள். முதல் வாரம் பட்டம் வாங்கிய குடும்பம் கோயம்புத்தூரில் இருந்தது. பள்ளி விடுமுறைக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. பூட்டிய வீட்டில் யார் தண்ணீர் செலவழிப்பார்கள்? தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் ஆப் அதைப் பார்த்து மெய்சிலிர்த்துப்போய், சிரிக்கும் தண்ணீர்த்துளி ஒன்றை வரைந்து, வாட்ஸாப் குழுவில் அவர்கள் வீட்டு எண்ணை அறிவித்தது. வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலிருந்தே கைகூப்பி நன்றி சொன்னார். 'சின்னச் சின்ன மாற்றங்கள்தான்' என்று அடக்கமாக ஒரு வரியும் சேர்த்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன்.

போடாமல் எப்படி இருப்பேன்? அந்த ஆப்பைக் குடியிருப்புக்குள் கொண்டுவந்த கமிட்டியில் நானும் ஒருவன். வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. எங்கோ ஒரு தேசத்தில் இருக்கும் குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலை இங்கே என் திரையில் கோடாக ஓடும். கோடு பிசகினால் நான் ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். அந்தக் கிடங்குகளில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை, உள்ளே இருப்பது மீனா மருந்தா என்பதுகூடத் தெரியாது. நேரில் போய்ப் பார்க்காமலே எல்லாம் தெரியும் என்ற திமிர் இந்த வேலையில் சீக்கிரம் வந்துவிடும். எனக்கு இரண்டாம் வருடமே வந்துவிட்டது.

அந்த வருடம் மழை பொய்த்தது. எங்கள் வளாகத்துப் போர்வெல்களில் ஒன்று காற்றை ஊதியது, இன்னொன்று சேற்றைக் கக்கியது. காவிரிக் குழாய் எங்கள் தெருமுனைவரை வந்து நின்றிருந்தது, தண்ணீர்தான் வரவில்லை. டேங்கர் லாரி உள்ளே நுழைந்தால், சாமி புறப்பாடு பார்ப்பதுபோல எல்லாரும் பால்கனிக்கு வந்து நின்றார்கள். நன்றாகச் சம்பாதித்து, நன்றாகப் படித்து, ஆளுக்கு இரண்டு பால்கனி வைத்திருந்தவர்கள், குளிப்பதற்காக அலுவலகத்து ஜிம்முக்குத் தோளில் டவலோடு கிளம்பினார்கள். அதைப் பற்றி அலுவலகத்தில் பெருமையாகப் பேசவும் செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் தலைவர் கூட்டம் கூட்டினார். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். 'அனுபவத்தில் சொல்கிறேன்' என்று தொடங்காமல் அவருக்கு ஒரு வாக்கியம் வராது. செயலாளர் அவருக்கு நேரெதிர். முப்பது வயதுதான், ஏதோ ஸ்டார்ட்அப் நடத்துகிறார், எதைச் சொன்னாலும் 'டேட்டா என்ன சொல்லுது?' என்று கேட்பார். இருவருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. சென்சார் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாறாக, கையைத் தூக்கி, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எங்கள் வளாகத்தில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஐந்து குழாய்களில் நுழையும். சமையலறைக்கு ஒன்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று, மூன்று குளியலறைகளுக்கும் தலா ஒன்று. ஒவ்வொரு குழாயிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் பொருத்தினோம். எந்தக் குழாயில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது அந்தந்த வீட்டுக்காரரின் போனுக்குப் போய்விடும். தோட்டம், கிளப் ஹவுஸ் மாதிரியான பொது லைன்களுக்கும் ஒவ்வொன்று உண்டு. எல்லா வீட்டுக் கணக்கையும் மொத்தமாகப் பார்க்கும் வசதி கமிட்டியில் மூன்று பேருக்கு மட்டும் இருந்தது. நான் அதில் ஒருவன். யார் வீட்டில் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

தலைக்கு இவ்வளவு என்று அளவு வைத்தோம். அளவைத் தாண்டிய வீடு சிவப்பு, தாண்டாத வீடு பச்சை. மறுநாளே எல்லார் வீட்டிலும் ஆட்கள் பெருகினார்கள். வேலூரில் இருக்கும் அம்மா, ஹூப்ளியில் இருக்கும் மாமனார், வெளிநாட்டில் படிக்கும் மகள், எல்லாரும் ஆப்பில் எங்கள் வளாகத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார்கள். ஒரு வீட்டில் இறந்துபோன பெரியவர் ஒருவர் இன்னும் தலைக்கணக்கில் இருந்தார். பொய்க்கு ஆதார் கேட்கும் தைரியம் கமிட்டிக்கு இல்லை, ஏனென்றால் தலைவர் வீட்டிலேயே இரண்டு அத்தைகள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். உண்மையைப் பதிந்த நாலைந்து வீடுகள் மட்டும் தினமும் சிவப்பில் கிடந்து திட்டு வாங்கின.

இந்தத் தலைக்கணக்கில் வராத ஒருவர் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். எங்கள் மதிலுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, ஷீட் போட்ட வீடுகளின் வரிசையில் குடியிருந்தார். காலை ஏழு மணிக்கு உள்ளே வந்தால், எங்கள் பிளாக்கில் நாலு வீடுகளை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு வெளியே போவார். எங்கள் வீட்டுக்கு வருவது மூன்றாவதாக. பாத்திரம், பெருக்கித் துடைப்பது, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று குளியலறைகளும். மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தார். எங்கள் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"எங்க லைன்ல டேங்கர் வந்து மூணு நாளாச்சுக்கா. இங்க மீன் தொட்டிக்கு ஊத்துறாங்க, அதுக்கு ஒரு கணக்கு எழுதுறாங்க" என்று ஒருநாள் என் மனைவியிடம் சொன்னார். நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சிரித்தேன். மீன் தொட்டி எங்களுடையது.

ஆப் வந்த மூன்றாவது வாரம் செயலாளர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். மேலே தொட்டிக்கு ஏறும் தண்ணீருக்கும், வீடுகளுக்கும் பெயருள்ள பொது லைன்களுக்கும் இறங்கும் தண்ணீருக்கும் இடையே துண்டு விழுந்தது. எங்கோ கசிகிறது, கண்டுபிடியுங்கள் என்றார். என் தொழிலே அதுதான். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பெரிய ஓட்டைகள் எதுவும் அகப்படவில்லை. கிடைத்ததெல்லாம் ஏழாவது லைன்.

மற்றப் பொது லைன்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. ஏழாவதுக்குக் கட்டடக்காரரின் வரைபடத்தில் வெறும் எண்தான், எந்தக் கணக்கிலும் அது சேரவில்லை. தரைத்தளத்தில் எங்கோ முடிந்தது. அதில் தண்ணீர் விட்டு விட்டு ஓடியது. காலை ஏழு மணிக்குக் கொஞ்சம், ஒன்பதரைக்குக் கொஞ்சம், பதினொன்றுக்குப் பிறகு அடுத்தடுத்துச் சில தடவை, இரண்டு மணிக்குள் மறுபடி. அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை ஒரு சொட்டு இல்லை. யுகாதி அன்று முழுநாளும் ஒன்றுமே ஓடவில்லை.

ஒரு கசிவு யுகாதிக்கு லீவு எடுக்குமா? மூளையுள்ள எவனும் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் 'பண்டிகை நாளில் அழுத்த மாறுபாடு' என்று குறிப்பெழுதினேன். பதினான்கு மாடி லிஃப்டில் இறங்கி அந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இறங்கவில்லை. 'ஏழாவது லைனில் இடைவிட்ட கசிவு, ஃபிளஷ் வால்வு பழுதாக இருக்கலாம், உடனடியாக மூடவும்' என்று கமிட்டிக்கு அனுப்பினேன். கூடவே அழகான ஒரு வரைபடமும் இணைத்தேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி இங்கேயே தப்பித்துக்கொள்ளலாம். அது பொய். வால்வை மூடப் போன பிளம்பர் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். கார் நிறுத்துமிடத்தின் மூலையில், குப்பை அறைக்குப் பக்கத்தில், பச்சை பெயின்ட் அடித்த ஒரு கதவு. கீழே கன்னடத்தில் குரல் செய்தி. 'சார், இது கெலஸக்கே பரோ ஹெங்கஸர டாய்லெட். முச்சலா?' வேலைக்கு வருகிற பெண்களின் டாய்லெட், மூடிவிடவா என்று கேட்கிறார். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அவ்வளவு கன்னடம் நன்றாகவே புரியும். மீட்டிங்கில் இருந்தேன். கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மீட்டிங்கைத் தொடர்ந்தேன்.

அந்த வாரம் துண்டு விழுந்த தண்ணீர் பாதியாகக் குறைந்தது. செயலாளர் என் வரைபடத்தை எடுத்து, அலுவலகக்காரர்கள் தம்பட்டம் அடித்துக்கொள்ளும் தளம் ஒன்றில் போட்டார். நகரங்களின் தாகத்தைத் தரவு எப்படித் தீர்க்கும் என்று நீளமாக எழுதி, என் போட்டோவோடு என்னையும் குறிப்பிட்டு, அதை எங்கள் குழுவிலும் பகிர்ந்தார். எனக்குப் பழக்கமில்லாத ஊர்களிலிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை.

பச்சைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை காரணமாக மூடப்பட்டுள்ளது, பின்கேட்டில் உள்ள கழிப்பறையைப் பயன்படுத்தவும். பின்கேட்டில் இருந்தது செக்யூரிட்டி ஆட்களுடையது. தாழ்ப்பாள் கிடையாது, வாசலில் எப்போதும் நாலு ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாலு பிளாக்கிலும் வேலை செய்த பெண்கள் ஒருவர்கூட அங்கே போகவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். யாரும் புகாரும் செய்யவில்லை. புகார் செய்ய ஆப்பில் ஒரு பொத்தான் இருந்தது, ஆனால் அதற்கு வீட்டு எண் வேண்டும்.

ஒரு மாதம் போயிருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன், திரையில் கிடங்குகள். சமையலறையில் ஏதோ விழுந்த சத்தம். மனைவி கூப்பிட்ட குரலில் எழுந்து போனேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார், குளிர் ஜுரம் வந்தவர்போல உடம்பு தூக்கிப் போட்டது. முகமெல்லாம் வியர்வை.

"ஒண்ணும் இல்லக்கா, சொல்ப நேரம் உக்காந்தா சரியாப்பூடும்" என்றார். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். மனைவி ஆட்டோ பிடித்துப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். நான் மீட்டிங்குக்குத் திரும்பினேன்.

மத்தியானம் மனைவி தனியாகத் திரும்பி வந்தாள். அக்காவை அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து நின்றாள்.

"யூரின் இன்ஃபெக்‌ஷன். கிட்னி வரைக்கும் ஏறியிருக்குமோன்னு டாக்டர் பயப்படுறாங்க. நாளைக்கு ஸ்கேன் எடுக்கணும். தண்ணியே குடிக்கிறதில்லையான்னு கேட்டாங்க. காலைல எழுந்ததுலேர்ந்து வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வரைக்கும் ஒரு வாய் குடிக்கிறதில்லையாம். குடிச்சா போகணுமே, எங்க போறதுங்கிறாங்க. கீழ இருந்தத மூடிட்டாங்களாம்."

நான் லேப்டாப்பை மூடினேன்.

"யாரு மூடினாங்கன்னு அவங்களுக்குத் தெரியல. உங்க போட்டோவோட குரூப்ல வந்துச்சே, அது எனக்குத் தெரியும்" என்றாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன். கோடைக்காலம், எல்லாருக்கும் கஷ்டம், நான் மட்டுமா முடிவெடுத்தேன் என்றெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் சத்தம் போடாமல் குளியலறைக்குப் போய்விட்டாள். எங்கள் மூன்றில் ஒன்றுக்கு.

ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வந்தது. இனிமேலும் இப்படியே இருந்தால் ஆகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது. பத்து நாள் மருந்து. அக்காவுக்குப் பத்து நாள் வீட்டில் படுத்திருக்க வழியில்லை, நாலாம் நாளே வேலைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அதற்குள் கீழே இருக்கும் கதவைத் திறக்கவைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மூடவைக்க எனக்கு ஒரு கட்டைவிரல் போதுமாக இருந்ததே, திறப்பதற்கு எவ்வளவு ஆகிவிடும்?

கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். கிளப் ஹவுஸில், ஏசி அறையில், ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அது கசிவில்லை, ஆட்கள் என்றேன். தலைவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"அனுபவத்துல சொல்றேன், ஒரு தடவ முடிவெடுத்தத மாத்தினா ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடும்" என்றார்.

செயலாளர் அவ்வளவு கல்நெஞ்சக்காரர் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே, அந்தத் தண்ணீரை எந்த வீட்டுக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். எழுதாமல் விட்டால் மறுபடி துண்டு விழும், அவர் போட்ட பதிவுக்கு என்ன பதில் சொல்வது? வேலைக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு கொடுத்துவிடலாம், கதவில் தட்டினால் திறக்கும், எந்த வீட்டுக்கு வேலை செய்கிறாரோ அந்த வீட்டுக் கணக்கில் தண்ணீர் ஏறும், நாலு வீட்டில் செய்தால் நாலாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அங்கேயே ஒரு திட்டமும் போட்டார். அதற்கு முதலில் ஒரு ஆய்வு வேண்டுமாம்.

அந்த அறையில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேர் வீட்டிலும் மூன்று மூன்று குளியலறை. அவரவர் வீட்டில் வேலை செய்பவர் அவரவர் வீட்டிலேயே போகட்டுமே என்பது ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும் வரவில்லை. வராததற்குத் தண்ணீர் காரணம் இல்லை என்பது ஏழு பேருக்கும் தெரியும்.

கடைசியில் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். பணியாளர் கழிப்பறையை எப்போது திறக்கலாம்? உடனே, மழை வந்த பிறகு, இன்னும் தரவு தேவை. வீட்டுக்கு ஒரு ஓட்டு. மழை வந்த பிறகு என்பது அமோகமாக ஜெயித்தது. அதற்கும் கைதட்டினார்கள். இத்தனை பேர் கலந்துகொண்ட ஓட்டெடுப்பு இதுவரை நடந்ததில்லை என்று தலைவர் மகிழ்ச்சி தெரிவித்தார். தினம் காலையில் முகம் பார்த்து வணக்கம் சொல்லும் மனிதர்கள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. அவர்களைவிட நான் எந்த விதத்திலும் மேல் இல்லை.

அன்று சாயங்காலம்தான் மனைவியும் நானும் அதைப் பேசினோம். விருந்தாளி வந்தால் பயன்படுத்தும் குளியலறை ஒன்று சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை எங்கள் பெற்றோர் வந்தால்தான் திறப்போம். யாருமே போகாத அந்தக் குளியலறையை அக்கா மூன்று வருடமாக ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இத்தன நாள் எனக்குத் தோணவே இல்லீங்க" என்றாள் மனைவி. "தோணாம இருந்துச்சா, இல்ல தோணவிடலையா, அதுவும் தெரியல." பிறகு அவள் அழுதாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அக்கா வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மனைவி அந்தக் குளியலறையில் புது சோப்பு, புதுத் துண்டு எல்லாம் வைத்து, கதவைத் திறந்து காட்டினாள்.

"அக்கா, இனிமே நீங்க இதையே யூஸ் பண்ணிக்குங்க. எப்ப வேணும்னாலும். மத்த வீட்ல வேலை இருக்கும்போதும் வந்துட்டுப் போங்க. நல்லா தண்ணி குடிங்க."

"ஆகட்டும்க்கா" என்றார் அவர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதி. மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்து, எங்கள் வீட்டின் ஐந்து லைன்களில் அந்தக் குளியலறை லைனைப் பார்த்தேன். பூஜ்யம். முதல் நாள், கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் பூஜ்யம். மூன்றாம் நாள் காலையிலிருந்தே ஒரு மணிக்கு ஒரு தடவை பார்க்கத் தொடங்கினேன். பூஜ்யம், பூஜ்யம். சென்சார்தான் பழுது என்று முடிவுகட்டி பேட்டரியை மாற்றினேன். ஒரு பக்கெட் தண்ணீரை நானே பிடித்துக் கொட்டிப் பார்த்தேன். கோடு துல்லியமாக ஏறி இறங்கியது. சென்சாரில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் வாங்கிய எந்தச் சென்சாரிலும் ஒரு நாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. மருந்து முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. இவர் மறுபடி விழுந்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு என்ற பயத்தில் நேராகவே கேட்டேன்.

"ஏன் அக்கா, அந்த பாத்ரூமுக்கு நீங்க போறதே இல்லையே?"

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"நான் போறதில்லன்னு உங்களுக்கு எப்டி சார் தெரியும்? நீங்க ஆபீஸ்ல இல்ல இருந்தீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. உதவி செய்பவன் குரலில், போனை எடுத்துத் திறந்து அவரிடமே நீட்டிக் காட்டினேன். இதோ பாருங்கள், ஒவ்வொரு நாளும் பூஜ்யம் என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் சார் போகல. நாலு வீட்லயும் அந்தப் பொட்டி இருக்கு, எனக்குத் தெரியும். நான்தான தொடைக்கிறேன். நான் எத்தன தடவ போறேன், எவ்ளோ தண்ணி ஊத்துறேன்னு ஒரு ஆம்பள போன்ல பாத்துனு இருந்தா எனக்கு எப்டி சார் வரும்? பேடா சார், வேணாம். நான் அடக்கிக்கிறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிக் குழாயைத் திறந்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. என்னைப் போன்றவனிடம் கோபப்பட என்ன இருக்கிறது என்கிற அலட்சியம்தான் இருந்தது. நாலு பிளாக்குகளின் குளியல் நேரம் தெரிந்தவன் நான் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டது நினைவுக்கு வந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சென்சாரைக் கழற்றினேன். ஐந்து நிமிட வேலை. கழற்றி முடிப்பதற்குள் ஆப் அலறியது. உங்கள் வீட்டில் ஒரு லைன் துண்டிக்கப்பட்டுள்ளது, முறைகேடாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் செயலாளர் போன் செய்து, கமிட்டி ஆளே இப்படிச் செய்தால் எப்படி என்று வருத்தப்பட்டார். கமிட்டியிலிருந்தும் என்னைக் கழற்றிவிடுங்கள் என்றேன். மறுநாள் எங்கள் வீடு சிவப்பில் வந்தது, 'விசாரணையில்' என்ற குறிப்போடு. யாரும் கைதட்டவில்லை.

கழற்றிய இடத்தை மனைவி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெறும் குழாயை அவர் குனிந்து ஒருமுறை பார்த்தார். சரிக்கா என்றார்.

திங்கட்கிழமை எனக்கு வீட்டிலிருந்து வேலை. ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அக்கா பத்து மணிக்கு வந்தார். வந்ததும் சமையலறையில் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் குடித்ததைப் பார்த்தேன். முழுச் செம்பு. எனக்கு நெஞ்சு லேசானது. அவர் பாத்திரம் கழுவினார், பெருக்கினார், துடைக்கத் தொடங்கினார். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. கிடங்குகளின் கோடுகள் திரையில் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்கிவிட்டு, அந்தக் கதவு திறக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, ஃபிளஷ் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் வராமல் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா துடைப்பானோடு ஹால் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. இறங்கியிருந்த ஹெட்போனையும் அவர் பார்த்திருந்தார்.

"நீங்க ஆபீஸுக்குக் கிளம்புங்க சார்" என்றார். "நான் போணும்."

சட்டையை மாற்றிக்கொண்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அதன் பிறகு அவர் வேலைக்கு வரும் நேரத்தில் நான் வீட்டில் இருந்ததில்லை.